ஓபன்ஸ்டாக் நியூட்ரான் கோட்டா: ஒரே ஒரு /24 வைத்திருப்பவர்களுக்கான மதிப்பீடு

சொந்த சர்வர்களில் கிளவுட் நடத்த உதவும் மென்பொருள் ஓபன்ஸ்டாக். அதில் நெட்வொர்க் வேலையைக் கவனிக்கும் நியூட்ரானின் கோட்டா வசதி, அதாவது யார் எதை எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு போடும் வசதி, நம்பகமானது. ஆனால் அது கூடவே கொண்டுவரும் டீஃபால்ட் எண்கள் நம் ஊருக்கு ஆகாதவை. கிடைப்பதற்கே அரிதான வெளி ஐபி முகவரியைத் தாராளமாக அள்ளிக் கொடுக்கிறது. காசே ஆகாத செக்யூரிட்டி குரூப்பில் (எந்தப் போக்குவரத்தை அனுமதிப்பது என்று சொல்லும் விதித் தொகுப்பு) கஞ்சத்தனம் காட்டுகிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ, ஒரே ஒரு /24 (256 வெளி ஐபி முகவரி கொண்ட தொகுதி) வைத்துச் சொந்தமாக ஓபன்ஸ்டாக் நடத்தும் சிறு ஹோஸ்டிங் நிறுவனங்களையும், அவர்களிடம் இடம் வாங்குபவர்களையும் மனத்தில் வைத்து இந்த மதிப்பீடு.

பெரிய நிறுவனங்கள் எல்லாம் இங்கே வந்துவிட்ட பிறகு சொந்த ஓபன்ஸ்டாக் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மைக்ரோசாஃப்ட் அஷ்யூர் 2019 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் திறந்தது. அமேசான் 2020 ஏப்ரலில் கேப்டவுனுக்கும், கூகுள் 2024 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்குக்கும் வந்தன. (அமேசானின் ஈசி2 எனும் சர்வர் வாடகைச் சேவையைத் தொடக்கத்தில் கட்டியதே கேப்டவுனில் இருந்த ஒரு சிறு குழுதான். 2006இல் வெளியான அந்தச் சேவைக்குப் பிறந்த ஊரில் டேட்டா சென்டர் வர ஏறக்குறைய 14 ஆண்டு பிடித்தது.) இருந்தும் டாலரில் வரும் பில், ராண்ட் விழும்போதெல்லாம் ஏறுகிறது. தனிநபர் தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு போப்பியா சட்டத்தின் 72ஆம் பிரிவு நிபந்தனைகள் வைக்கிறது. ஏற்கெனவே வாங்கிப் போட்ட சர்வர்கள் அலமாரியில் இருக்கின்றன. இப்படிப் பல காரணங்களால் ஓபன்ஸ்டாக் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. கேப்டவுனில் வானியல், உயிர்த் தகவலியல் ஆய்வுகளுக்கான இலிஃபு கிளவுடும் ஓபன்ஸ்டாக்கில்தான் ஓடுகிறது.

எதை எண்ணுகிறது, எதை எண்ணுவதில்லை

நியூட்ரான் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் (வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒதுக்கும் தனி இடம்) தனித்தனியாக, பொருட்களின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறது. டீஃபால்ட் இப்படி: நெட்வொர்க் 100, சப்நெட் (நெட்வொர்க்குக்குள் ஒரு முகவரி வரம்பு) 100, போர்ட் (நெட்வொர்க்கில் ஒன்று இணையும் புள்ளி) 500, ரவுட்டர் 10, ஃப்ளோட்டிங் ஐபி (விஎம் எனும் மெய்நிகர் கணினியோடு இணைத்துக் கழற்றக்கூடிய வெளி முகவரி) 50, செக்யூரிட்டி குரூப் 10, செக்யூரிட்டி குரூப் விதி 100, ஆர்பேக் பாலிசி (நெட்வொர்க்கை இன்னொரு ப்ராஜெக்ட்டோடு பகிரும் அனுமதி) 10. ஓர் எண்ணுக்குப் பதில் -1 போட்டால் வரம்பே கிடையாது. 0 போட்டால் அந்தப் பொருளை உருவாக்கவே முடியாது. நிறுவனமே அமைத்துத் தரும் ப்ரொவைடர் நெட்வொர்க்கில் மட்டும் இருக்க வேண்டிய வாடிக்கையாளருக்கு ரவுட்டரை 0 ஆக்கிவிடுவது நல்ல பழக்கம்.

எண்ணாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பேண்ட்வித்தை இது தொடுவதே இல்லை. ஒரே ஒரு போர்ட் வைத்திருக்கும் வாடிக்கையாளர் மொத்த அப்லிங்க்கையும் நிரப்பினாலும் கோட்டா வாய் திறக்காது. அதற்குக் க்யூஓஎஸ் பாலிசி எழுதி, பேண்ட்வித் வரம்பை நொடிக்கு இத்தனை கிலோபிட் என்று போட வேண்டும். சப்நெட்டுக்குள் எத்தனை முகவரி மிச்சம் என்பதும் கோட்டாவின் கணக்கில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கோட்டா என்பது முன்பதிவு அல்ல. பத்துப் ப்ராஜெக்ட்டுக்கு ஆளுக்கு 50 என்று கொடுத்தால், கையில் 500 முகவரி இருக்கிறதா என்று நியூட்ரான் கேட்காது. எல்லாருக்கும் சரி சொல்லிவிடும். பிறகு முந்துகிறவருக்குக் கிடைக்கும், பிந்துகிறவருக்குக் கிடைக்காது.

சப்நெட் எண்ணில் ஒரு சிறிய ஏமாற்று உண்டு. ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் ஓடும் நெட்வொர்க் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சப்நெட் வேண்டும். ஆகவே 100 நெட்வொர்க் என்பது நடைமுறையில் 50தான். சப்நெட் கோட்டாவை எப்போதும் நெட்வொர்க் கோட்டாவைப்போல இரு மடங்காக வையுங்கள். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

வெளி முகவரிக் கணக்கு

இந்த மதிப்பீட்டின் மையம் இதுதான். ஆப்பிரிக்காவுக்கு ஐபி முகவரி வழங்கும் ஆஃப்ரினிக், மொரீஷியஸின் எபெனில் இருக்கிறது. 2020 ஜனவரியில் ஐபிவி4 தீரும் நிலையின் இரண்டாம் கட்டத்துக்குள் அது போனது. அந்தக் கட்ட விதிப்படி ஒரு விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் ஒரு /22, அதாவது 1,024 முகவரி. பிறகு வழக்குகள் சூழ்ந்து, 2023இல் மொரீஷியஸ் நீதிமன்றம் அந்த அமைப்புக்கு ரிசீவரை (தற்காலிக நிர்வாகியை) நியமிக்கும் அளவுக்குப் போயிற்று. ஆக, நம் ஊரில் சிறு நிறுவனம் ஒன்றிடம் ஒரே ஒரு /24 இருப்பது சாதாரணம். கூடுதலாக வேண்டுமென்றால் யாரிடமாவது வாடகைக்கு எடுக்க வேண்டும்.

அந்த /24இல் 256 முகவரி. நெட்வொர்க் முகவரி, பிராட்காஸ்ட், கேட்வே மூன்றையும் கழித்தால் 253. ஒரு ப்ராஜெக்ட் டீஃபால்ட்டில் எத்தனையை எடுக்க முடியும்? பலர் 50 என்பார்கள். இல்லை, 60. வெளி நெட்வொர்க்கோடு இணைக்கப்படும் ஒவ்வொரு ரவுட்டரும் எஸ்நாட்டுக்காக (உள்ளே இருக்கும் விஎம்கள் ஒரே வெளி முகவரியில் இணையத்துக்குப் போவதற்காக) அதே தொகுப்பிலிருந்து ஒரு முகவரியை எடுத்துக்கொள்கிறது. இந்த கேட்வே போர்ட் எந்த ப்ராஜெக்ட்டின் பெயரிலும் இருப்பதில்லை. அதனால் ஃப்ளோட்டிங் ஐபி கோட்டாவிலும் வராது, போர்ட் கோட்டாவிலும் வராது. ரவுட்டர் கோட்டா ஒன்றுதான் அதற்குக் கடிவாளம். 50 ஃப்ளோட்டிங், 10 ரவுட்டர், மொத்தம் 60. நான்கு ப்ராஜெக்ட் முழுதாகப் பயன்படுத்தினால் 240 போய்விடும். ஐந்தாவது வாடிக்கையாளருக்கு மிஞ்சுவது 13. ஒரு முழு /22 வைத்திருப்பவருக்கும் 17 ப்ராஜெக்ட்டோடு கதை முடிந்தது.

இதற்கு நேர்மாறாக, ஒரு சாதாரண வாடிக்கையாளரின் உண்மையான தேவையைப் பாருங்கள். மசாலாக் கடை ஒன்றின் ஆன்லைன் விற்பனைத் தளம் என்று வையுங்கள். புரட்டாசி மாதத்தில் கூட்டம் ஏறும், மற்ற மாதங்களில் சுமார்தான். ஆறு விஎம், ஒரு லோட் பேலன்சர் (வரும் கூட்டத்தை விஎம்களுக்குப் பங்கிடுவது), ஒரு நெட்வொர்க், ஒரு ரவுட்டர். வெளி முகவரி லோட் பேலன்சருக்கு ஒன்று, எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வரும் வாசல் சர்வருக்கு ஒன்று, ரவுட்டர் கேட்வேக்கு ஒன்று. மொத்தம் மூன்று. ஃப்ளோட்டிங் ஐபி 2, ரவுட்டர் 1 என்று டீஃபால்ட்டை மாற்றிவிட்டால் அதே /24இல் 84 ப்ராஜெக்ட் நிற்கும். கேட்பவருக்கு மட்டும் தனியாக உயர்த்திக் கொடுக்கலாம்.

ரவுட்டர் வேலையைக் கம்ப்யூட் நோடுகளுக்கு (விஎம்கள் ஓடும் சர்வர்கள்) பங்கிடும் பழைய டிவிஆர் முறையில் ஓடுகிறவர்களுக்கு இன்னொரு கசிவு உண்டு. ஃப்ளோட்டிங் ஐபி போக்குவரத்தைக் கையாளும் ஒவ்வொரு கம்ப்யூட் நோடும் தனக்கென ஒரு வெளி முகவரி எடுத்துக்கொள்ளும். இருபது நோடு என்றால் இருபது முகவரி. எந்தக் கோட்டாவும் இதைக் கட்டுப்படுத்தாது. வெளி நெட்வொர்க்கில் தனியார் முகவரி வரம்பு ஒன்றை இரண்டாவது சப்நெட்டாகச் சேர்த்து, அதன் சர்வீஸ் டைப்பாக ஃப்ளோட்டிங் ஐபி ஏஜென்ட் கேட்வேயைக் குறிப்பிட்டால் இந்த விரயம் நிற்கும். நியூட்ரானின் புதிய பின்தள முறையான ஓவிஎன்னுக்கு மாறியவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

ஒரு ஃப்ளோட்டிங் ஐபி எந்த விஎம்மோடும் இணைக்கப்படாமல் சும்மா கிடந்தாலும் கோட்டாவில் எண்ணப்படும். விஎம்மை அழித்தால் அதன் ஃப்ளோட்டிங் ஐபி தானாகத் தொகுப்புக்குத் திரும்பாது. மாதம் ஒருமுறை, போர்ட் எதுவும் இணையாமல் டவுன் நிலையில் இருக்கும் ஃப்ளோட்டிங் ஐபிகளைப் பட்டியலிட்டு உரியவர்களுக்கு எழுதுவது, புதிய முகவரி வாடகைக்கு எடுப்பதைவிட மலிவு. அமேசான் இதை வேறு வழியில் தீர்த்தது. 2024 பிப்ரவரி முதல், பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. 30 நாளுக்கு 3.60 டாலர். நியூட்ரானில் விலைச்சீட்டு இல்லை. கோட்டா மட்டும்தான். ஆகவே அந்த எண்ணைக் குறைவாக வைக்கத் தயங்கத் தேவையில்லை.

செக்யூரிட்டி குரூப்பில் கஞ்சத்தனம்

குரூப் 10, விதி 100 என்று பார்க்கும்போது போதும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் டீஃபால்ட் என்ற பெயரில் ஒரு குரூப் தானாகவே முளைக்கும். அது கோட்டாவில் ஒன்று. அதற்குள் நான்கு விதி: வெளியே போக ஐபிவி4க்கு ஒன்று, ஐபிவி6க்கு ஒன்று, அதே குரூப்பில் இருப்பவர்களிடமிருந்து உள்ளே வர இரண்டு. மிஞ்சும் ஒன்பது குரூப்பும் உருவாகும்போதே வெளியே போகும் விதி இரண்டோடு வரும். நான்கும் பதினெட்டும் இருபத்திரண்டு. வாடிக்கையாளர் தன் கையால் எழுத மிஞ்சுவது 78 விதி. குரூப் ஒன்றுக்கு எட்டு, கொஞ்சம் கூட.

எட்டு விதி எவ்வளவு தூரம் வரும்? 22, 80, 443 ஆகிய மூன்று எண்களை ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் திறந்தால் ஆறு. வலைத்தள முன்பகுதி, பயன்பாட்டுச் சர்வர், டேட்டாபேஸ், கேஷ், கண்காணிப்பு என்று ஒழுங்காகப் பிரித்து வைப்பவர், சோதனைக்கும் அதேபோல் ஒரு தொகுதி போட்டதும் பத்தைத் தொட்டுவிடுவார். அதற்குப் பிறகு நடப்பதுதான் ஆபத்து. புதிய குரூப் உருவாக்க முடியாதவர், இருக்கிற குரூப்பிலேயே எல்லாவற்றையும் திறந்துவிடுவார். டேட்டாபேஸின் 5432 உலகத்துக்கே திறந்து கிடக்கும். பாதுகாப்புக்காக வைத்த வரம்பு பாதுகாப்பைக் கெடுக்கும் இடம் இது. குரூப் 20, விதி 200 என்று வைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. சின்ன நிறுவன அளவில் அது கணினிக்குப் பாரமே இல்லை.

அலுவலகக் கிளைகளின் ஐபிகளை ஒவ்வொன்றாக விதியில் எழுதும் பழக்கமுள்ளவர்களுக்கு அட்ரஸ் குரூப் வசதியைச் சொல்லிக் கொடுங்கள். 2021இல் வந்த வாலபி வெளியீட்டில் சேர்ந்தது. பத்து முகவரிக்குப் பத்து விதி எழுதுவதற்குப் பதில், முகவரிகளை ஒரு தொகுதியாக்கி ஒரே விதியில் சுட்டலாம். கிளை ஒன்று இடம் மாறினால் தொகுதியை மட்டும் திருத்தினால் போதும்.

போர்ட்டை யார் சாப்பிடுகிறார்கள்

போர்ட் கோட்டா நிறைந்துவிட்டது என்று புகார் வரும்போது, “என்னிடம் இருப்பது ஆறு விஎம்தானே” என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். மேலே சொன்ன மசாலாக் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். விஎம்களுக்கு 6. ரவுட்டர் இடைமுகம் ஐபிவி4 சப்நெட்டுக்கு ஒன்று, ஐபிவி6க்கு ஒன்று, ஆக 2. நெட்வொர்க்குக்கு இரண்டு டிஹெச்சிபி ஏஜென்ட் (விஎம்களுக்கு முகவரி கொடுப்பவை) என்று அமைத்திருந்தால் அவற்றுக்கு 2. ஓவிஎன்னில் அதற்குப் பதில் மெட்டாடேட்டா போர்ட் 1. லோட் பேலன்சரின் விஐபி போர்ட் (அதன் முகவரி நிற்கும் போர்ட்) 1. ஓவிஎன்னில் மொத்தம் 10, பழைய முறையில் 11. விஎம்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு.

இது இயல்பான செலவு. நெட்வொர்க்குகளைச் சின்னச் சின்னதாகப் பிரித்தால் இன்னும் கூடும், ஏனென்றால் டிஹெச்சிபியும் ரவுட்டர் இடைமுகமும் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் மறுபடி மறுபடி வரும். இயல்பல்லாத செலவு அனாதைப் போர்ட்டுகள். ஓபன்ஸ்டாக்கில் விஎம்களைக் கவனிக்கும் நோவா, விஎம் உருவாக்கும்போது தானே உருவாக்கிய போர்ட்டை, விஎம்மோடு சேர்த்து அழித்துவிடும். ஆனால் பயனர் முதலில் போர்ட்டை உருவாக்கி, அதை விஎம்மில் பொருத்தியிருந்தால், விஎம் போன பிறகும் போர்ட் அப்படியே நிற்கும். வேண்டியதைக் கோப்பில் எழுதி உருவாக்கும் கருவியான டெர்ராஃபார்மில் எழுதுபவர்கள் பலரும் போர்ட்டைத் தனியாகத்தான் எழுதுகிறார்கள். பாதியில் நின்றுபோன அழிப்பு வேலைகள் சிலவற்றுக்குப் பிறகு, டிவைஸ் ஐடி காலியாக இருக்கும் போர்ட்டுகள் குவிந்து கிடக்கும். கோட்டாவை உயர்த்துவதற்கு முன் அவற்றைத் தேடுங்கள்.

பகிர்ந்த நெட்வொர்க்கில் போர்ட் யார் கணக்கில் ஏறும் என்பதில் நியூட்ரான் சரியாக நடந்துகொள்கிறது. நெட்வொர்க்கின் உரிமையாளர் கணக்கில் ஏறாது, போர்ட்டை உருவாக்கிய ப்ராஜெக்ட்டின் கணக்கில்தான் ஏறும். ஆனால் பகிர்வதற்கே ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டாகக் குறிப்பிட்டுப் பகிரும்போது ஒவ்வொன்றும் ஓர் ஆர்பேக் பாலிசி. பதினோராவது ப்ராஜெக்ட்டில் நின்றுவிடும். பொதுச் சேவை நெட்வொர்க் ஒன்றைப் பலருக்குப் பகிரும் நிறுவனங்கள் அதை வைத்திருக்கும் ப்ராஜெக்ட்டில் மட்டும் இதை 100 ஆக்கிவிடலாம்.

லோட் பேலன்சர் எட்டில் நிற்பது ஏன்

ஓபன்ஸ்டாக்கின் லோட் பேலன்சர் சேவையான ஆக்டேவியாவை, லோட் பேலன்சர்களைத் தனி விஎம்களில் ஓட்டும் ஆம்ஃபோரா முறையில் நிறுவிய இடங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் கோளாறு இது. முதல் ஏழு லோட் பேலன்சர் நன்றாக உருவாகும். பிறகு வருவதெல்லாம் எர்ரர் நிலைக்குப் போகும். வாடிக்கையாளரின் கோட்டாவைப் பார்த்தால் ஏராளமாக மிச்சம் இருக்கும். அதனால் எங்கே தேடுவது என்றே தெரியாது.

காரணம், ஆம்ஃபோரா விஎம்கள் வாடிக்கையாளரின் ப்ராஜெக்ட்டில் இல்லை. ஆக்டேவியாவின் சொந்தச் சர்வீஸ் ப்ராஜெக்ட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு லோட் பேலன்சருக்கும் அங்கே ஒரு செக்யூரிட்டி குரூப் உருவாகிறது. அந்தப் ப்ராஜெக்ட்டின் கோட்டாவும் அதே 10தான். டீஃபால்ட் குரூப் ஒன்று, நிர்வாகத்துக்காகவும் ஹெல்த் மேனேஜருக்காகவும் நிறுவும்போது போட்டவை இரண்டு. மிஞ்சியது ஏழு. போர்ட் கணக்கும் அங்கே வேகமாக ஏறும். ஆக்டிவ்-ஸ்டாண்ட்பை ஜோடியாக ஓட்டினால் லோட் பேலன்சர் ஒன்றுக்கு ஆம்ஃபோரா இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நிர்வாகப் போர்ட் ஒன்று, போக்குவரத்துப் போர்ட் ஒன்று. ஆக நான்கு, சில அமைப்புகளில் அதற்கும் மேல்.

சர்வீஸ் ப்ராஜெக்ட்டில் செக்யூரிட்டி குரூப், விதி, போர்ட் மூன்றையும் -1 ஆக்கிவிடுங்கள். நோவா பக்கத்தில் இன்ஸ்டன்ஸ், கோர், ரேம் கோட்டாவையும் கூடவே உயர்த்த வேண்டும், இல்லையென்றால் அடுத்த சுவர் அங்கே. வாடிக்கையாளர் எத்தனை லோட் பேலன்சர் போடலாம் என்பதை ஆக்டேவியாவின் சொந்தக் கோட்டாவில் கட்டுப்படுத்துவதே முறை. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் ஓட்டுபவர்களுக்கு இது இரட்டை முக்கியம். லோட் பேலன்சர் வகைச் சர்வீஸ் ஒவ்வொன்றும் ஓர் ஆக்டேவியா லோட் பேலன்சர், பெரும்பாலும் ஒரு ஃப்ளோட்டிங் ஐபி. கோரிக்கைகளைத் தளவாரியாகப் பிரித்து அனுப்பும் இன்க்ரெஸ் ஒன்றை முன்னால் வைத்துப் பத்துத் தளங்களை ஒரே முகவரியில் ஓட்டலாம் என்று சொல்லிக் கொடுத்தால் ஒன்பது வெளி முகவரி மிச்சம்.

மாற்றும் முறையும் பொறிகளும்

டீஃபால்ட்டை மாற்ற நியூட்ரான் கான்ஃப் கோப்பில் கோட்டாஸ் பகுதிக்குள் எண்களைத் திருத்தி, நியூட்ரான் சர்வரை மறுபடி தொடங்க வேண்டும். கன்ட்ரோலர் (நியூட்ரான் சர்வர் ஓடும் கணினி) மூன்று இருந்தால் மூன்றிலும். ஒன்றை விட்டுவிட்டால் எந்தக் கன்ட்ரோலருக்குக் கோரிக்கை போகிறதோ அதைப் பொறுத்துப் பதில் மாறும். ஒரே வாடிக்கையாளருக்கு ஒருமுறை அனுமதி, மறுமுறை மறுப்பு என்று வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தனி ப்ராஜெக்ட்டுக்கு மாற்ற அட்மின் உரிமையோடு ஓபன்ஸ்டாக் கோட்டா செட் கட்டளை. பார்க்க கோட்டா ஷோ. யூசேஜ் கொடியோடு கேட்டால் வரம்பையும் பயன்பாட்டையும் சேர்த்தே காட்டும். ஓபன்ஸ்டாக்கின் வலைத்திரையான ஹொரைசனில் ஐடென்டிட்டி, ப்ராஜெக்ட்ஸ், பிறகு அந்தப் ப்ராஜெக்ட்டின் கீழ்விரி மெனுவில் மாடிஃபை கோட்டாஸ். அதில் நெட்வொர்க் பகுதி தெரியவில்லை என்றால் ஹொரைசன் அமைப்பில் நியூட்ரான் கோட்டா முடக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனிப் பொறிகள். கோட்டா செட் கொடுத்த மதிப்பு டேட்டாபேஸில் தனி வரியாகப் பதிகிறது. பிறகு கான்ஃப் கோப்பில் டீஃபால்ட்டை மாற்றினாலும் அந்தப் பொருளுக்கு, அந்தப் ப்ராஜெக்ட்டில், பழைய தனி மதிப்பே நிற்கும். “டீஃபால்ட்டை இறக்கிவிட்டோம், இவருக்கு மட்டும் ஏன் 50 காட்டுகிறது” என்பதன் விடை இது. கோட்டா டிலீட் கொடுத்தால் தனி மதிப்புகள் நீங்கி டீஃபால்ட்டுக்குத் திரும்பும்.

இரண்டாவது, கோட்டா லிஸ்ட் கட்டளை எல்லாப் ப்ராஜெக்ட்டையும் காட்டுவதில்லை. டீஃபால்ட்டிலிருந்து மாறியவற்றை மட்டும்தான் காட்டும். அந்தப் பட்டியலைக் கூட்டி “மொத்தம் இவ்வளவுதான் வாக்குக் கொடுத்திருக்கிறோம்” என்று நம்பினால், டீஃபால்ட்டில் இருக்கும் அத்தனை பேரும் கணக்கில் விடுபட்டுப்போவார்கள். சரியான கூட்டல் வேண்டுமென்றால் ப்ராஜெக்ட் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் கோட்டா ஷோ கேட்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். ஃப்ளோட்டிங் ஐபியையும் ரவுட்டரையும் கூட்டி, வெளித் தொகுப்பின் அளவோடு ஒப்பிடுங்கள். தொகுப்பில் உண்மையில் எவ்வளவு மிச்சம் என்பதை ஐபி அவைலபிலிட்டி கட்டளை நெட்வொர்க் வாரியாகத் தரும். அதிகம் பேசப்படாத, மிகவும் பயனுள்ள கட்டளை அது.

மூன்றாவது, பயன்பாட்டைவிடக் கீழே வரம்பை இறக்கினாலும் நியூட்ரான் மறுப்பதில்லை. 8 ஃப்ளோட்டிங் ஐபி வைத்திருப்பவருக்கு 2 என்று போட்டால் எட்டும் அப்படியே ஓடும். குறைந்தது ஏழு முகவரியைத் திருப்பிக் கொடுக்கும்வரை புதியது மட்டும் கிடைக்காது. தட்டச்சுப் பிழையைத் தடுக்க விரும்பினால் செக் லிமிட் கொடியோடு கொடுங்கள், அப்போது மறுக்கும்.

பழைய வழிகாட்டிகளில் நோவா கோட்டாவில் ஃப்ளோட்டிங் ஐபியை மாற்றச் சொல்லும் வரிகள் இருக்கும். நியூட்ரானுக்கு முந்தைய நோவா நெட்வொர்க் காலத்து மிச்சம் அது, நியூட்ரானில் எதையும் அசைக்காது. பழைய பதிப்பு ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. டெர்ராஃபார்ம் டீஃபால்ட்டாகப் பத்து வேலைகளை ஒரே நேரத்தில் அனுப்பும். பூட்டுப் போட்டுக் கணக்கெடுக்கும் பழைய கோட்டா டிரைவர் அதில் மூச்சு வாங்கும். பூட்டில்லாத புதிய டிரைவர் இருக்கும் பதிப்புக்கு மாறுவது நல்லது.

எந்தப் பிழை எதைச் சொல்கிறது

கோட்டா தீர்ந்தது, முகவரி தீர்ந்தது என்ற இரண்டு பிழையுமே 409 என்ற எண்ணோடு வருவதால் குழப்பம். “கோட்டா எக்ஸீடட் ஃபார் ரிசோர்ஸஸ்” என்று வந்து, பொருளின் பெயரும் கூடவே இருந்தால் அது கோட்டா. ஒரு கட்டளையில் தீரும். “நோ மோர் ஐபி அட்ரஸஸ் அவைலபிள் ஆன் நெட்வொர்க்” என்று வந்தால் தொகுப்பே காலி. இதற்குக் கோட்டாவை நூறு மடங்கு உயர்த்தினாலும் பலன் இல்லை. அது வாடிக்கையாளரின் உள் சப்நெட் என்றால் அவர் /28 (16 முகவரி) போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார், புதிய சப்நெட் சேர்க்கச் சொல்லுங்கள். வெளி நெட்வொர்க் என்றால் பிரச்சினை உங்களுடையது. உதவி மையத்தில் அமர்பவர்களுக்கு இந்த இரண்டு வரியையும் அச்சடித்து ஒட்டி வைக்கலாம்.

பெரிய கடைகளோடு ஒப்பிட்டால்

அமேசானின் டீஃபால்ட் நெட்வொர்க் எண்களைப் பார்த்தால் அனுபவம் பேசுவது தெரியும். ரீஜன் ஒன்றுக்கு விபிசி (தனி நெட்வொர்க்) 5, எலாஸ்டிக் ஐபி (அவர்களின் ஃப்ளோட்டிங் ஐபி) 5, ஆனால் செக்யூரிட்டி குரூப் 2,500. அரிதானதில் இறுக்கம், மலிவானதில் தாராளம். நியூட்ரான் கற்க வேண்டிய பாடம் இதுவே. குரூப் ஒன்றுக்கு உள்வரும் விதி 60, வெளிச்செல்லும் விதி 60, நெட்வொர்க் இடைமுகம் ஒன்றுக்குக் குரூப் 5. குரூப்புக்கான விதி எண், இடைமுகத்துக்கான குரூப் எண் இரண்டையும் உயர்த்தலாம், ஆனால் அவற்றின் பெருக்குத்தொகை 1,000ஐத் தாண்டக் கூடாது. கேப்டவுனுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அந்த ரீஜனை முதலில் நீங்களே இயக்க வேண்டும், தானாகத் திறந்திருக்காது. அயர்லாந்தில் வாங்கிய கோட்டா உயர்வு கேப்டவுனுக்கு வராது. அங்கே மறுபடி 5இலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். இடமாற்றத்துக்கு முந்தைய நாள் இதைக் கண்டுபிடிப்பது இனிமையான அனுபவம் அல்ல.

அஷ்யூரில் விர்ச்சுவல் நெட்வொர்க் 1,000 என்று எண்கள் பெரிதாக இருக்கும். அங்கே உதைப்பது வேறு இடம். சப்நெட் ஒவ்வொன்றிலும் 5 முகவரியை அதுவே வைத்துக்கொள்கிறது, அமேசானைப் போலவே. /29 (8 முகவரி) போட்டால் கைக்கு வருவது 3. தவிர, அதன் கேப்டவுன் ரீஜன் எல்லாருக்கும் திறந்ததல்ல. ஜோகன்னஸ்பர்க்கைத்தான் முதன்மையாக நினைக்க வேண்டும்.

இவர்களிடம் உள்ளதும் நியூட்ரானில் இல்லாததும், உயர்வு கேட்கும் வழி. அமேசானில் சர்வீஸ் கோட்டாஸ் பக்கத்தில் எண்ணைப் போட்டு அனுப்பலாம், 80 விழுக்காட்டைத் தொட்டதும் எச்சரிக்கை வரும்படி அலாரம் வைக்கலாம். நியூட்ரானில் வாடிக்கையாளர் மின்னஞ்சல் எழுத வேண்டும், யாரோ ஒருவர் கட்டளை தட்ட வேண்டும். எச்சரிக்கையும் நாமே கட்ட வேண்டியதுதான். கண்காணிப்பு மென்பொருளான புரோமிதியஸுக்கான ஓபன்ஸ்டாக் எக்ஸ்போர்ட்டரை வைத்தால் பாதி வேலை முடியும்.

காலக்கெடு இல்லாதது இதைவிடப் பெரிய குறை. தைப்பூசக் காவடிக்கு ஒரு கோயில் நேரலை செய்கிறது, நான்கு நாளுக்கு மட்டும் ஃப்ளோட்டிங் ஐபியை 2இலிருந்து 6 ஆக்கச் சொல்கிறது என்று வையுங்கள். உயர்த்துவது ஒரு நிமிடம். இறக்குவதை யாரும் நினைவில் வைப்பதில்லை, நான்கு நாள் உயர்வு அடுத்த சித்ரா பௌர்ணமி வரை அப்படியே கிடக்கும். தற்காலிகமாக உயர்த்தும்போதே, பழைய மதிப்புக்குத் திருப்பும் கட்டளையையும் தேதி போட்டு அட் அல்லது க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கருவிகள்) எழுதிவிட்டு, டிக்கெட்டை அந்தத் தேதி வரை திறந்தே வைப்பது ஒன்றுதான் வழி. அந்த நாளில் வாடிக்கையாளர் கூடுதல் முகவரிகளை விட்டிருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வரம்பை இறக்குவது மட்டும் எதையும் திரும்பப் பெற்றுத் தராது.

ஒரே /24 வைத்துத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை: நெட்வொர்க் 5, சப்நெட் 10, போர்ட் 50, ரவுட்டர் 1, ஃப்ளோட்டிங் ஐபி 2, செக்யூரிட்டி குரூப் 20, விதி 200, ஆர்பேக் 10. உள் பொருட்களில் வாக்குறுதி கொள்ளளவைத் தாண்டினாலும் கவலையில்லை. ஃப்ளோட்டிங்கும் ரவுட்டரும் சேர்ந்த கூட்டல் மட்டும் 253ஐத் தாண்ட விடாதீர்கள், 230ஐத் தொட்டதும் அடுத்த முகவரித் தொகுதிக்குப் பேச ஆரம்பித்துவிடுங்கள். இருநூறு ப்ராஜெக்ட்டுக்கு மேல் நடத்துபவர்கள், துறைக்குள் துறை என்று கோட்டாவைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியவர்கள், இந்தக் கருவியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நியூட்ரான் ப்ராஜெக்ட் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் பார்க்கிறது, மேலே ஒரு கூட்டல் கணக்கை அது வைத்துக்கொள்வதே இல்லை.